காய்ந்த மலரில் எஞ்சுவது என்ன?

மொராக்கோவின் தென்பகுதியில், உயர் அட்லஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், கல்அத் மகூனா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. தாதெஸ் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இவ்வூரில் வயல்களுக்கு வேலியாக நிற்பவை ரோஜாச் செடிகள். நாம் பன்னீர் ரோஜா என்று வழங்கும் இனமே அது. வசந்த காலத்தில், வெயில் ஏறுமுன் அம்மலர்களைக் கொய்து, ஒரு பகுதியை வாலையிலிட்டுப் பன்னீர் வடிக்கின்றனர். மொட்டுகளை உலர்த்தி மூட்டைகளாகக் கட்டுகின்றனர். நகரத்து அங்காடிகளில் குவிக்கப்படும் அம்மொட்டுகள் பொடியாகவோ ஊறல்நீராகவோ ஹம்மாம் எனும் குளியல் கூடங்களைச் சென்றடைகின்றன. அங்கே 'காஸூல்' என்ற களிமண்ணோடு அவற்றைக் குழைத்து மேனியில் பூசிக் கழுவுவது அந்நாட்டவரின் நெடுநாள் வழக்கம். 'கழுவினான்' எனப் பொருள்படும் 'கஸல' என்ற அரபு வினையடியிற் பிறந்ததே காஸூல் என்னும் பெயரும்.

இன்று அந்த ஹம்மாமின் சாயலில் உலகெங்கும் 'ஸ்பா' எனப்படும் மேனிநல நிலையங்கள் பெருகியுள்ளன. நீர்த்தொட்டியில் மிதக்கும் இதழ்கள், முகத்திற் பூசும் மலர்ப்பொடி, கால் நனைக்கும் பூநீர் எனக் காய்ந்த மலர் அங்கே பல வேடங்களில் வருகிறது. 'இயற்கையானது, எனவே தீங்கற்றது' என்ற விளம்பரமும் உடன் வருகிறது. இக்கூற்றை நாம் அப்படியே ஏற்கலாமா? மலர் காயும்போது அதனின்று எது நீங்குகிறது, எது எஞ்சுகிறது என்பதை அறிந்தாலன்றி இவ்வினாவிற்கு விடை காண இயலாது.

முதலில் நீங்குவது மணம். மலரின் நறுமண எண்ணெய் எளிதில் ஆவியாகும் தன்மையது. விடியற்காலையில் பூப்பறிப்பதன் காரணமும் அதுவே. புதிய மலரிலேயே அதன் அளவு மிகச் சொற்பம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் வடிக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ மலர்கள் வேண்டப்படுகின்றன. உலர்த்தும்போது அச்சொற்பத்திலும் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. ஆகவே, தொட்டி நீரில் ஒரு கைப்பிடி காய்ந்த இதழ்களைத் தூவினால் அவற்றின் எண்ணெய் மேனிக்குப் பயன் தரும் என்பது வெறும் எதிர்பார்ப்பே. அது கண்ணுக்கு விருந்து. அதற்கு மேல் அதில் அதிகமில்லை.

எஞ்சி நிற்பவை ஆவியாகாத பொருள்கள். ரோஜா இதழில் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளும் ஃபிளவனாய்டு வகைகளும் உள்ளன. இவை வெந்நீரில் கரைந்து இறங்குபவை. நாவிற் பட்டால் துவர்க்கும் அதே பொருள்தான் தோலிற் பட்டால் சற்றே இறுக்கம் தருகிறது. ஆகவே ரோஜாவுக்கு ஏற்றது வெந்நீர் ஊறல். காலெண்டுலா மலரின் இயல்போ வேறு. (இது நம் ஊர்ச் செண்டுமல்லியன்று, வேறு இனம்.) அழற்சியைத் தணிப்பதாகக் கருதப்படும் அதன் முதன்மைப் பொருள்கள் எண்ணெயிற் கரைபவை, நீரில் ஊறவைத்தால் அவை போதிய அளவு இறங்குவதில்லை. ஒரே பாத்திரத்தில் எல்லா மலரையும் இட்டுக் கொதிக்கவைப்பது அறிவுடைமையாகாது.

இந்த வேறுபாட்டை முற்கால ஹகீம்கள் நன்கறிந்திருந்தனர். அரபு மருத்துவ நூல்களில் 'வர்த்' எனும் ரோஜா ஒரே சரக்காகப் பேசப்படுவதில்லை. உலர்ந்த ரோஜா வேறு. வாலையில் வடித்த 'மாஉல் வர்த்' எனும் பன்னீர் வேறு. எள்ளெண்ணெயிலோ ஒலிவ எண்ணெயிலோ இதழ்களை ஊறவைத்துப் பெற்ற 'துஹ்னுல் வர்த்' வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனும் தனி முறையும் வகுக்கப்பட்டிருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டின் தத்துவஞானி அல்-கிந்தியின் பெயரால் வழங்கும் நறுமண நூல் ஒன்று, வாசனைத் திரவியங்கள் செய்யும் முறைகளையும் வாலை வடித்தலையும் விரிவாகக் கூறுகிறது.

மலரால் விளையும் தீங்கும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி ஒரு சிறு நூல் இயற்றினார். அபூஸைத் அல்-பல்கி என்ற அறிஞருக்கு, வசந்தத்தில் ரோஜா மணத்தை நுகரும்போதெல்லாம் ஜலதோஷம் பிடிப்பதேன் என்பதே அதன் பொருள். இன்று ஒவ்வாமை என்று நாம் அழைக்கும் நிலையைப் பற்றிய மிகப் பழைய விளக்கங்களுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதனைக் கருதுகின்றனர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம் முன்னோர், ரோஜாவும் ஒருவருக்கு நோய் தரலாம் என ஏற்று, அதன் காரணத்தைத் தேடினர். அம்மரபின் பெயரைச் சொல்லிப் பூவை விற்பவர்களோ அக்கேள்வியையே எழுப்புவதில்லை!

மலரின் ஒவ்வாமை கற்பனையன்று. ரோஜா மணத்தின் கூறுகளான ஜெரனியால், சிட்ரொனெல்லால் ஆகியவையும் லாவண்டரின் லினலூலும், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அழகுப் பொருள்களின் உறைமீது பெயரிட்டுக் காட்டப்பட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 2003இல் 26 பொருள்களுடன் தொடங்கிய அப்பட்டியல் 2023இல் எண்பதைத் தாண்டியது. லினலூல் காற்றுப்பட்டு மாறும்போது அதன் ஒவ்வாமைத் தன்மை மிகுகிறது. எனவே நெடுநாள் திறந்து கிடந்த சரக்கைத் தவிர்ப்பதே நலம். 'பாபூனஜ்' என்று அரபியிலும் சீமைச்சாமந்தி என்று தமிழிலும் வழங்கும் மலர் தோலைத் தணிப்பதற்குப் பெயர் பெற்றது. ஆயினும் சாமந்திக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்க்கு அதுவே அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கக்கூடும்.

பயன் குறித்த ஆய்வுகளும் நிதானத்தையே கற்பிக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 254 பெண்களிடம் பிரான்சில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், காலெண்டுலாக் களிம்பு பூசியோர்க்குத் தோல் புண்படுவது, ஒப்பிடப்பட்ட மற்றொரு களிம்பு பூசியோரைவிடக் குறைவாக இருந்தது. 2013இல் ஸ்வீடனில் வெளிவந்த ஆய்வோ, சாதாரணக் களிம்புக்கும் அதற்கும் வேறுபாடு காணவில்லை. மலரில் பயனே இல்லை என்பதன்று இதன் பொருள். மருந்தென உறுதி கூறும் துணிவு நமக்கு வேண்டாம் என்பதே.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. அலங்காரத்திற்கென விற்கும் மலர்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம். வாசனைக் கிண்ணத்திற்கான காய்மலர்களில் சாயமும் செயற்கை மணமும் சேர்ந்திருக்கும். உண்ணத்தக்கதென விற்கப்படும் மலரே மேனிக்கும் ஏற்றது. நிழலில், காற்றோட்டத்தில் உலர்ந்து, கையிலெடுத்தால் நொறுங்க வேண்டும்; ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் எறிந்துவிடுக. நம் வீடுகளில் ஆவாரம்பூவும் ரோஜா இதழும் சேர்த்து நலங்குமா அரைப்போர், பொடியைத் துணியில் சலித்தே பயன்படுத்துவர். காம்பும் நாரும் தோலைக் கீறாதிருக்க அம்முறை உதவும். மலர் ஊறல்நீர் விரைவில் கெடுவதால் அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். புதிய எதனையும் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, இரண்டு நாள் பார்த்த பின்னரே முகத்திற்குக் கொண்டுசெல்வது நன்று. புண்பட்ட தோலுக்கு மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது.

இன்னொரு செய்தி நம் வாசகர்க்கு உரியது. பன்னீர் தூய்மையானதே, எனினும் அதைக் கொண்டு உளூச் செய்தல் கூடாது என்பது நான்கு மத்ஹபுகளிலும் நிலைபெற்ற கருத்து. இதழ்களைக் காய்ச்சி இறக்கிய நீரும், தண்ணீர் என்ற பெயரையே இழந்துவிடும் அளவுக்கு மாறியிருப்பின், அவ்வாறே. எனவே மலர்க்குளியலுக்குப் பின் கடமையான குளிப்பை வெறும் நீரால் நிறைவேற்றுவதே பேணுதலானது. நீருக்கும் பூநீருக்கும் இடையே ஃபுகஹாக்கள் கோடிட்டனர். காய்ந்த பூவுக்கும் பன்னீருக்கும் இடையே ஹகீம்கள் கோடிட்டனர். இருசாராரும் ஒரு பொருளைப் பெயரால் மட்டும் எடைபோடாமல், அது எவ்வாறு மாறியுள்ளது எனப் பார்த்தே முடிவுரைத்தனர். மேனிக்குப் பூ வாங்கும்போது நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோலும் அதுவே.