தலசீமியா: பரம்பரையாக வரும் குருதிச்சோகை

மாணவர்களே, டிக்கோயாத் தோட்டப் பகுதிகளில் வெளிறிய குழந்தையைக் கண்டால், "இரத்தம் குறைவு, கீரை கொடுங்கள்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகைக்கு அது பொருந்தும். ஆனால் எல்லாக் குருதிச்சோகையும் உணவுக் குறைவால் வருவதில்லை.

காரணம்
ஈமோகுளோபின் 2 அல்பாச் சங்கிலிகளையும் 2 பீற்றாச் சங்கிலிகளையும் கொண்டது. பீற்றாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அது விகாரமடைந்தால் பீற்றாச் சங்கிலி குறைவாக உண்டாகும் அல்லது உண்டாகாது. எஞ்சும் அல்பாச் சங்கிலிகள் செங்குழியங்களை அழிக்கின்றன. இதுவே பீற்றா தலசீமியா.

கடத்தப்படும் விதம்
இது பின்னிடைவான நோய், இலிங்கமிணைந்தது அன்று. குறைபாடுள்ள எதிருரு ஒன்றை மட்டும் உடையவர் காவி ஆவார். அவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். காவிகள் இருவர் மணம் புரிந்தால், ஒவ்வொரு பிள்ளையும்

• நோயாளியாக இருக்க நிகழ்தகவு 1/4
• காவியாக இருக்க நிகழ்தகவு 1/2
• இயல்பானவராக இருக்க நிகழ்தகவு 1/4

முதற்பிள்ளை நோயாளியாகப் பிறந்தாலும் அடுத்த பிள்ளைக்கும் இதே நிகழ்தகவுதான். மாமன் மகள், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவினர் மணம் புரியும்போது, இருவரும் ஒரே குறைபாட்டு எதிருருவைக் கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம்.

விளைவுகள்
முதிர்மூலவுருவின் ஈமோகுளோபினில் பீற்றாச் சங்கிலி இல்லை. ஆகவே பிறக்கும்போது குழந்தை நலமாக இருக்கும். கடுமையான நோயில், சுமார் 6 மாதத்தின் பின் வெளிறல், சோர்வு, வளர்ச்சிக் குறைவு, மண்ணீரல் வீக்கம் என்பன தோன்றும்.

சிகிச்சை
3-4 வாரங்களுக்கு ஒரு முறை குருதி ஏற்ற வேண்டும். ஏற்றும் குருதியிலுள்ள மேலதிக இரும்பை அகற்ற உடலில் வழி இல்லை. அது இதயம், ஈரல், அகஞ்சுரக்கும் சுரப்பிகளில் படிந்து தீங்கு செய்யும். எனவே இரும்பகற்றும் மருந்தும் தேவை. இந்நோயாளிக்கு மருத்துவ ஆலோசனையின்றி இரும்பு மாத்திரை கொடுத்தல் தவறு.

தடுத்தல்
இலங்கையில் ஏறத்தாழ 2 வீதத்தினர் பீற்றா தலசீமியாக் காவிகள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகிறது. திருமணத்திற்கு முன் குருதிப் பரிசோதனை செய்தால் காவியை அறியலாம். காவியாக இருத்தல் குற்றமுமல்ல, திருமணத்திற்குத் தடையுமல்ல; காவிகள் இருவர் அறியாமல் இணைவதே தவிர்க்கப்பட வேண்டியது.

நினைவிற் கொள்க: ஐரோப்பியரிடையே கூடுதலாகக் காணப்படும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயும் இவ்வாறே கடத்தப்படுகிறது.

பயிற்சி: காவி ஒருவர் இயல்பான ஒருவரை மணந்தால் பிள்ளை நோயாளியாகப் பிறக்குமா? காரணம் தருக.