டி.வி. பெட்டியிலிருந்து சுறாவின் ஈரலுக்கு

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பது கடற்கரை வழக்கம். குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் சுறா பிடிக்க ஆழ்கடல் வரை போகிறவர்கள். அந்தச் சுறா, சூரை, ஓங்கில் போன்ற வேட்டை உயிர்களின் உடம்பில், நம் வீட்டுச் சாமான்களிலிருந்து கிளம்பிய ஒரு ரசாயனம் உலகெங்கும் சேர்ந்திருக்கிறது.

அதன் பெயர் பி.பி.டி.இ. டி.வி. பெட்டி, சோபா நுரை போன்றவற்றில் சட்டென்று தீப்பிடிக்காமலிருக்கக் கலந்த புரோமின் சேர்மம். பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பு இல்லாததால் மெல்லக் கசிந்து, தூசியாகவும் கழிவுநீர் வழியாகவும் கடலுக்குப் போகிறது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் தங்கிவிடும். மிதவையுயிரியைச் சாளை தின்ன, சாளையைச் சூரை தின்ன, சூரையைச் சுறா தின்ன, ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடும். சுறாவுக்குக் கொழுப்பெல்லாம் ஈரலில்தான். தைராய்டு சுரப்பின் வேலையை இந்தச் சேர்மம் குலைக்கக்கூடும்.

ஆழ்கடலும் தப்பவில்லை. அம்பர் தரும் திமிங்கலங்களின் உடம்பில் இது இருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகக் குழு, ஆசியக் கடல்களின் ஓங்கில் இனங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு கிராம் கொழுப்பில் ஹாங்காங் ஓங்கிலுக்கு 6,000 நானோகிராம் வரை, இந்திய ஓங்கில் ஒன்றுக்கு வெறும் 6.

தாய்ப்பாலிலும் இது இறங்கும். சுவீடனில் 1972 முதல் 1997 வரை சேமித்த தாய்ப்பாலில், ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அளவு இரட்டித்தது. பயன்பாடு குறைந்ததும் அளவும் இறங்கத் தொடங்கியது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அதன் நன்மையே பெரிது என்பதுதான் மருத்துவ உலகின் கருத்து. மீனையும் விட வேண்டாம். சாளை, நெத்திலி போன்ற சிறுமீன்களில் இத்தகைய நஞ்சு சேர்வது பொதுவாகக் குறைவு.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இச்சேர்மங்களில் சிலவற்றை 2009இல் தடைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2018 மார்ச்சில் ஏழு நச்சுப் பொருள்களைத் தடை செய்தபோது அவையும் அதில் அடங்கின. 2017இல் உலகப் பட்டியலுக்கு வந்த டெகா வகை அந்த ஏழில் இல்லை. தடைக்கு முன் வாங்கிய சாமான்களோ இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

செம்புக்காகப் பழைய வயரை எரிக்காதீர்கள். எரித்தால் டையாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் கிளம்பும். உடைந்த டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் குப்பையில் போடாமல், பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனங்களிடம் ஒப்படையுங்கள்.