நிற்பதற்கும் எரிபொருள்

டீக்கடைக் கூரையில் இருக்கிற டிடிஎச் கிண்ணத்தைப் பாருங்கள். வைத்த திசையை விட்டு அசைவதில்லை. அது பார்க்கும் செயற்கைக்கோளும் அப்படியே நிற்கிறது என்றுதானே நினைக்கிறோம்? 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது அது. பூமி சுழலும் அதே கதியில் சுற்றுவதால் நிற்பதுபோலத் தெரிகிறது.

சுற்றுவதற்கு எரிபொருள் வேண்டாம். ஆனால் நிலாவும் சூரியனும் சும்மா விடுவதில்லை. அவை இழுக்கிற இழுப்பில் சுற்றுப்பாதை ஆண்டுக்கு முக்கால் பாகைக்கு மேல் சாயும். கண்டுகொள்ளாமல் விட்டால் கோள் தினமும் வடக்கும் தெற்குமாக ஊசலாடும், கிண்ணத்துக்குக் குறி தப்பும். போதாததற்குப் பூமத்தியரேகையும் சரியான வட்டமில்லை. அதனால் நம் பக்கத்துக் கோள்கள் 75 பாகைக் கிழக்கை நோக்கி மெல்லச் சரியும், பள்ளத்தைத் தேடும் தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு முறையும் கர்நாடகத்தின் ஹாசனில் இருந்து கட்டளை போகும். உந்திகள் கொஞ்சம் எரிந்து கோளை இடத்துக்குத் திருப்பும்.

இன்சாட்-4பி செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 மார்ச்சில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏறியபோது எடை சுமார் 3 டன். அதில் பாதிக்கு மேல் எரிபொருள். அதிலும் பெரும்பங்கு உரிய உயரத்துக்குப் போய்ச் சேரவே செலவு. மிச்சம்தான் ஆயுள். அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதும் லேசில்லை. எடையற்ற இடத்தில் திரவம் தொட்டியின் அடியில் தங்காது, மட்டம் பார்க்க வழியில்லை. எத்தனை முறை, எத்தனை நொடி எரித்தோம் என்று மளிகைக்கடை நோட்டுபோல எழுதிக் கழித்துக்கொண்டே வரவேண்டும்.

2010 ஜூலையில் அதன் சூரியத் தகடுகளில் ஒரு பக்கத்து மின்சாரம் போய், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க நேர்ந்தது. பல வீடுகளில் டிவி இருண்டது. கோள் சாகவில்லை, 12 ஆண்டுக்கென்று செய்தது அதற்கு மேலும் உழைத்தது.

கடைசிச் சொட்டுவரை வேலை வாங்கலாமே என்றால், கூடாது. இப்படிப்பட்ட கோள்கள் நெரிசலாகச் சுற்றும் அந்த உயரத்து வளையத்தில் செத்த கோள் கிடந்தால் மற்றவற்றுக்கு ஆபத்து. அதனால் இன்சாட்-4பியில் ஒதுக்கி வைத்திருந்த எரிபொருளை 2022 ஜனவரியில் 11 தவணைகளில் எரித்து, சுமார் 340 கிலோமீட்டர் மேலே தள்ளினார்கள். பிறகு மீதத்தையும் வெளியேற்றி அணைத்தார்கள். உயரம் கூடினால் வேகம் குறையும். பூமியோடு சேர்ந்து ஓட முடியாமல் நாளுக்கு நாலைந்து பாகை மேற்கே பின்தங்கும். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்றும் நம் வானத்தைக் கடந்துதான் போகிறது.