வால் பட்டை வரும் வரை பொறுங்கள்!

உப்பூரில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். பெயர் வெயிலுகந்த விநாயகர். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயில் நேராக மேனியில் விழும். தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகிறவர்கள் முதலில் இவரைக் கும்பிட்டு விட்டுத்தான் போவார்கள்.

அதே சாலையில் ராமநாதபுரம் தாண்டிப் போனால் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதன் தலைமையிடம் மண்டபத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே மண்டல நிலையம் நடக்கிறது. அங்குள்ள தொட்டிகளில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

கோமாளி மீன் விரல் நீளம்தான் இருக்கும். செம்மஞ்சள் உடம்பு, குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டைகள். கடலில் பூப்போல விரிந்து, தொட்டால் கொட்டும் கடல் தாமரைக்குள் குடியிருக்கும். அதை மட்டும் கடல் தாமரை ஒன்றும் செய்யாது!

அப்பன் காவல்

முட்டையிடுவது பெண். காவல் இருப்பது ஆண். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டைக்குள் கண்கள் வெள்ளிப் பொட்டாக மின்னும். பிறகு ஒருநாள், இருட்டிய பின் குஞ்சுகள் வெளியே வரும்.

அப்போது குஞ்சு கண்ணாடி போல இருக்கும். வண்ணமும் இல்லை, பட்டையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே முதல் தீனி. அடுத்து, உப்பளத்து நீரில் வாழும் ஆர்டீமியா என்ற சிற்றுயிரின் குஞ்சுகளைக் கொடுப்பார்கள். சுமார் இரண்டு வாரம் ஆனதும் தலைப்பட்டை தெரியும். அப்புறம் நடுப்பட்டை. வால் பட்டை கடைசியில்தான் வரும்.

அவசரக்காரர் இங்கேதான் ஏமாறுகிறார். "இரண்டு பட்டைதானே இருக்கிறது, இது கழிவு" என்று நல்ல குஞ்சை ஒதுக்கி விடுகிறார். சில நாள் பொறுத்திருந்தால் மூன்றாவது பட்டையும் வந்திருக்கும்.

வாங்குகிறவர் ஏமாறுவது வேறு விதம். பட்டை பாதியில் நின்றோ கோணலாகப் போயோ இருக்கும் மீனுக்குத்தான் வெளிநாட்டுச் சந்தையில் அதிக விலை. மனிதன் ரசனை அப்படி! ஆனால் பிஞ்சு வயதில் பாதியாகத் தெரிந்த பட்டை, வளர வளர நிறைந்து விடுவதும் உண்டு. கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

மலேசியாவில் பொன் அரோவானா வாங்குகிறவர்களுக்கும் இதே கவலை. அந்த மீனின் பொன்னிறம் வயிற்றுப் பக்கத்திலிருந்து செதில் வரிசை வரிசையாக முதுகை நோக்கி ஏறும். குஞ்சில் முதுகு மங்கலாகவே இருக்கும். ஏறப்போகும் தங்கத்தை நம்பித்தான் விலை பேசுகிறார்கள்.

எதைப் பார்ப்பது?

முதலில் உடம்பைப் பாருங்கள். செவுள் மூடி இரு பக்கமும் சரியாக மூடுகிறதா? தாடை நேராக இருக்கிறதா? தீனி போட்டதும் பாய்ந்து வருகிறதா? தொட்டியில் பிறந்த குஞ்சுகளில் செவுள் மூடி குறைந்தவை உண்டு. அந்தக் குறைக்கு வண்ணம் ஈடாகாது.

பிறகு நிறம். செம்மஞ்சளுக்கு வேண்டிய நிறச்சத்தை மீன் தானே உண்டாக்கிக் கொள்ளாது. இரையில் இருந்துதான் பெற வேண்டும். நிறம் மங்கியிருந்தால் வம்சத்தைக் குறை சொல்லுமுன் தீனியை விசாரிக்க வேண்டும்.

கடையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதை அணைக்கச் சொல்லுங்கள். அந்த வெளிச்சத்தில் மங்கல் மீனும் சிவப்பாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுப் பட்டை, மறுபக்கம் அரைப் பட்டை உள்ள மீனும் உண்டு.

குஞ்சு எங்கே பிறந்தது என்பதையும் கேளுங்கள். தொட்டியில் பிறந்த ஒரு மீனை வாங்கினால், பவளப் பாறையில் ஒரு மீன் தன் வீட்டிலேயே இருக்கும்.