வட்டின் கொள்ளளவும் கண்ணுக்கெளிய எண்ணும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 130 மீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் கொண்ட வெளியில், வரிசைக்கு 32 வீதம் 1024 ஆன்டென்னாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் எம்.எஸ்.டி. ராடார் இதுவே. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே செலுத்தி, காற்றின் கொந்தளிப்பிலிருந்து மீளும் மெல்லிய எதிரொலிகளைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் இது கணிக்கிறது.

அவ்வெதிரொலிகள் எண்களாகவே சேமிக்கப்பெறும். வட்டு நிரம்பிவிடின் அடுத்த அளவீட்டுக்கு இடமிராது. கடந்துபோன புயலிரவை மீண்டும் அளத்தல் இயலுமோ? ஆதலின், எஞ்சிய இடத்தைக் கண்காணிப்பது இத்தகைய கூடங்களில் அன்றாடக் கடமையாகும்.

லினக்ஸ் முறையில் இயங்கும் கணிப்பொறிகளில் இதற்கென 'டிஎஃப்' என்னும் கட்டளை உண்டு. அது வழக்கமாகத் தரும் விடை, 1024 பைட் கொண்ட கட்டங்களின் எண்ணிக்கையாகும். 4 டெராபைட் என விற்கப்படும் வட்டொன்றின் முழு அளவு அக்கணக்கில் 3907018584 ஆகும். இடையில் காற்புள்ளியும் இராது. 390 கோடியே 70 லட்சத்து 18 ஆயிரத்து 584 என்று நாம் பிரித்துப் படிக்கையில் ஓரிலக்கம் தவறினும் பிழை பத்து மடங்காகும்.

கட்டளையுடன் 'ஹெச்' என்னும் சிற்றெழுத்தைச் சேர்த்தால், எண் 1024ஆல் திரும்பத் திரும்ப வகுக்கப்பட்டு '3.7 டி' எனச் சுருங்கி வரும். விலை கொடுத்து வாங்கிய 4 எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. விற்பவர் 1000ஆல் பெருக்குகிறார். கட்டளையோ 1024ஆல் வகுக்கிறது. கிலோ அளவில் 2.4 சதவீதமாயுள்ள இவ்வேறுபாடு டெரா அளவில் ஏறத்தாழ 10 சதவீதமாக வளர்ந்துவிடுகிறது. 1000ஆல் வகுக்க வேண்டுமாயின் பேரெழுத்து 'ஹெச்' இடவேண்டும். குழப்பத்தை நீக்கும்பொருட்டு, 1024இன் அடுக்குகளுக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் தனிப்பெயர்கள் வகுத்தது. அவற்றுள் கிலோவுக்கு இணையானதும் கிகாவுக்கு இணையானதும் தமிழில் எழுதுங்கால் 'கிபி' என ஒன்றாகிவிடுவது மொழிபெயர்ப்பாளனுக்கு வாய்த்த தனித் துன்பம்!

சுருக்கத்தில் மற்றோர் இடரும் உண்டு. உண்மை அளவு 3.64 டெராவே, கட்டளை அதை மேல்நோக்கி முழுமையாக்கி 3.7 என்கிறது. எஞ்சிய இடத்தையும் அவ்வாறே காட்டும், 10.1 'ஜி' இருப்பின் 11 எனும். '900 எம்', '2 ஜி' என்பவற்றை எழுத்தை நோக்காது வரிசைப்படுத்தின் சிறியதே பெரியதாகத் தோன்றும். ஆகவே, வட்டு நிரம்புமுன் எச்சரிக்கை செய்யும் நிரல்களுக்குச் சுருங்கிய எண்ணைத் தராமல், முழு எண்ணையே தருதல் வேண்டும்.