வெந்நீர் அடுப்பின் புகை எங்கே போகிறது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளில் சமையல் கேஸ் அடுப்பில்தான். ஆனாலும் விறகடுப்பு முழுதாக ஒழியவில்லை. மார்கழிக் குளிரில் குளிக்க வெந்நீர், விசேஷத்துக்கு அண்டா பிரியாணி, சிலிண்டர் தீர்ந்த நாளில் அவசரச் சோறு என்று கொல்லைப்புறத்திலும் மொட்டைமாடியிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் காயவைக்கத்தானே என்று அந்தப் புகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மூச்சில் போவது அதே விறகுப் புகைதான்.

போரூர் ஆய்வு சொன்னது

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் போரூரில் இருக்கிறது ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம். பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு அங்கிருந்து தமிழ்நாட்டுச் சமையலறைப் புகையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த 'ஹேப்பின்' ஆய்வின் இந்தியப் பகுதி இவர்கள் பொறுப்பில் தமிழ்நாட்டில் நடந்தது.

2022இல் அதன் முடிவுகள் வெளியாயின. விறகு போன்ற எரிபொருளிலேயே சமைத்த பெண்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. கேஸுக்கு மாறியவர்களுக்கு அது சுமார் 24 ஆகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதையும் ஆய்வு மறைக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் புகையைச் சுவாசிப்பது நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய், பக்கவாதம், குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றுக்குக் காரணமாகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக அது கணக்கிட்டிருக்கிறது.

எந்த அடுப்பு?

சூரிய சக்தி ஹீட்டரோ கேஸோ சாத்தியமென்றால் அதுவே முதல் தேர்வு. விறகுதான் என்றால், மூன்று கல் அடுப்பை விட்டுவிட்டு ஐஎஸ் 13152 தரக்குறி பெற்ற அடுப்பைக் கேட்டு வாங்கலாம். விறகின் வெப்பத்தில் குறைந்தது 25 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது அந்தத் தரநிலை. மின்விசிறி வைத்த வகைக்கு 35 சதவீதம். விறகு குறைவாகச் செலவானால் புகையும் குறையும்.

எங்கே வைப்பது?

குளியலறைக்குள் மட்டும் கூடாது. கதவைச் சாத்திய சின்ன அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

கூரை போட்ட இடமானால் புகைபோக்கி அவசியம். அது வளைவில்லாமல் நிமிர்ந்து, கூரைக்கு மேல் மூன்றடியாவது நிற்க வேண்டும். மழை இறங்காமல் மூடியும் வேண்டும். வைத்தால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும். மத்திய அரசு 1983இல் தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டம் 2002இல் நின்றுபோனது. கரி அடைத்த குழாய்களையும் விரிசல் விட்ட அடுப்புகளையும் பராமரிக்க ஆளில்லாதது அதன் பெரிய பலவீனம். அடிக்கடி எரிக்கும் வீடுகளில் மாதம் ஒருமுறையாவது குழாயைத் தட்டிக் கரியை எடுத்துவிட வேண்டும்.

புகைபோக்கி புகையை இடம் மாற்றுமே தவிர அழிக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் அது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். குளிர்காலக் காலையில் மேலே எழாமல் தரையோடு தங்கும். 2018 போகியன்று இப்படித் தங்கிய புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின.

எதை எரிப்பது?

சவுக்கோ கருவேலமோ எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் புகை பெருகும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேல்பக்கம் மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட விடுவது நல்லது.

தொழிற்பேட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பேலட் கட்டைகளில் கவனம் தேவை. 'எம்.பி.' முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயுவில் பதப்படுத்திய மரம், அடுப்புக்கு ஆகாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் பற்றவைக்கக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

எப்போது மருத்துவரிடம்?

அடுப்பருகே தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். நினைவு தப்பினால் 108ஐ அழைக்க வேண்டும். விறகில் பல ஆண்டு சமைத்தவர்களுக்கு இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, மருத்துவரிடம் அந்த அடுப்புப் பழக்கத்தையும் சொல்லி, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்கலாம். புகைபிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் அடைப்பு நோய் வரும் என்பதால் இந்தத் தகவல் மருத்துவருக்கு மிக முக்கியம்.