உஷார்! பாஸ்வேர்டு கேட்காத பேட்ச் ஃபைல்

பில்லிங் சாஃப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது என்று புகார் சொன்னீர்கள். சர்வீஸுக்கு வந்தவர் டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் ஃபைலைப் போட்டு, "இனிமே இதை டபுள் கிளிக் பண்ணுங்க சார், பாஸ்வேர்டே கேட்காது" என்று சொல்லிவிட்டுப் போனாரா? அந்த ஃபைலை உடனே நோட்பேடில் திறந்து பாருங்கள். வேறொரு கணக்கின் பெயரில் புரோகிராமைத் திறக்கும் 'ரன்ஆஸ்' கட்டளையோடு 'சேவ்கிரெட்' என்ற சொல்லும் இருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் திறந்து கிடக்கிறது.

சேவ்கிரெட் முதல் முறை மட்டும் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்துவிடும். பில்லிங்குக்கு மட்டும்தானே என்று பலரும் நம்புகிறார்கள். இல்லவே இல்லை! எந்த புரோகிராமுக்கு என்ற கட்டுப்பாடே அதில் கிடையாது. அதே வரியில் பில்லிங்கின் பெயரை எடுத்துவிட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்டின் பெயரைப் போட்டால், அதுவும் அட்மின் கணக்கில் திறக்கும். கவுன்ட்டரில் இருக்கும் ஊழியர் இதைச் செய்யலாம். அவர் தெரியாமல் திறந்த மெயிலில் வந்த வைரஸும் செய்யலாம்.

பாஸ்வேர்டையே ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைப்பது இதைவிட மோசம். மறைத்து எழுதினாலும் பயனில்லை. நிறுவனத்தின் எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங்ஸ் அனுப்பும் மைக்ரோசாஃப்டின் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸஸில், பாஸ்வேர்டுகள் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருந்தன. ஆனால் பூட்டைத் திறக்கும் சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம்தான், அப்படிப் புதிதாகச் சேமிப்பதை ஒரு அப்டேட் மூலம் தடுத்தார்கள். ஏற்கெனவே சேமித்தவற்றை அந்த அப்டேட் அழிக்கவில்லை.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் கவனியுங்கள். அட்மின் உரிமையோடு தினமும் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், எல்லோரும் எழுதக்கூடிய ஃபோல்டரில் இருக்கிறதா? அதில் யார் ஒரு வரி சேர்த்தாலும், அடுத்த முறை அது அட்மின் உரிமையோடு ஓடும்.

முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் இருக்கும் அந்தப் பதிவை நீக்குங்கள். பேட்ச் ஃபைலை மட்டும் அழித்தால் பதிவு அப்படியேதான் இருக்கும். பில்லிங் சாஃப்ட்வேருக்கு அட்மின் உரிமை எதற்கு என்று அதை விற்றவரிடம் கேளுங்கள். பல நேரம் அதன் டேட்டா ஃபோல்டரில் எழுத அனுமதி கொடுத்தாலே போதும். இதையெல்லாம் நாளைக்குத் தள்ளாதீர்கள், இன்று கடை மூடுவதற்குள் முடித்துவிடுங்கள்.